பேப்பரில் ஏறிய பெயர்

பாச்சாங்கில் நம் ஆட்கள் நடத்தும் அந்தச் சின்னக் கல்லூரியின் மாடியறையில், இன்று காலை லேமினேட்டிங் மெஷினைப் போட்டார்கள். பிளாஸ்டிக் சூடேறும் வாசனை வந்ததும் நீ வந்துவிட்டாய். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் இதே வாசனைதான். குளி, சாப்பிடு, செருப்பு போடு என்று படம் படமாக வெட்டி, மகள் யாழினிக்காக அட்டை செய்துகொண்டே இருப்பாய். சூடாக வெளியே வரும் அட்டையை அவள் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவாள். அடுத்ததை உன் கன்னத்தில் வைப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. வெளியே மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்றுகூடத் தெரியாமல் அப்படியே கிடப்போம்.

நாம் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைகள். யாழினி என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கலர் பென்சில்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்குவாள். யாராவது ஒன்றைத் தொட்டுவிட்டால் போச்சு, பள்ளியே அதிரும். ஆண்டிறுதி அறிக்கை எழுதும் நாளில் நீ என் மேசையருகே வந்து நின்றாய். "ஒன்னும் எழுதாத லா. பேப்பர்ல ஏறிட்டா இறங்காது."

நான் 'அமைதியான பிள்ளை, எல்லோரோடும் நன்றாகப் பழகுகிறாள்' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தலே இல்லை. தோழிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றுதான் நினைத்தேன். சில ஆண்டுகளில் யாழினி பள்ளிக்கு வருவதே நின்றுபோயிற்று. அவளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் இந்தக் கல்லூரி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சிறப்புக் கல்விப் பயிற்சி கொடுக்க அரசிடம் மானியம் கேட்டது. விண்ணப்பம் எழுதும் வேலை நம் இருவர் தலையில் விழுந்தது. இன்னொரு பிள்ளை வீட்டுக்குள் உட்காரக் கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். பதில் கடிதம் வந்தது. சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பதிவுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யாருமே இல்லை, ஆகவே பயிற்சிக்குத் தேவையும் இல்லை என்றார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ உள்ளே போய் யாழினியின் பழைய அறிக்கையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாய்.

"அவங்கள ஏன் லா திட்டுற? ஆளே நிக்காத ஸ்டாப்ல பஸ் எதுக்கு நிக்கும்? எழுத வேணாம்னு சொன்னது நானு. எழுதாம விட்டது நீ."

எல்லாப் பள்ளிகளிலும் இதே கதைதான். ஏதோ ஒரு அம்மாவின் முகத்துக்காக ஏதோ ஒரு டீச்சர் நல்ல வார்த்தையாக எழுதி வைத்திருந்தார். இப்படி எல்லோருமாகச் சேர்ந்து, பாசத்தாலேயே பிள்ளைகளை இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

பிள்ளைகளின் பெயரைப் பதியச் சொல்லி நாம் வீடு வீடாக ஏறி இறங்கிய அந்தச் சனிக்கிழமைகள் இப்போது கனவு மாதிரி இருக்கின்றன. மழை விட்ட ரோட்டிலிருந்து ஆவி கிளம்பும். குருபோங்கிலும் புக்கிட் ரம்பாயிலும் ஒரே மாதிரி வரிசை வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள். எந்தத் தெருவில் நுழைந்தோம் என்று நமக்கே மறந்துபோகும். காரின் பின்சீட்டில் யாழினி ஒரே ராகத்தை முனகிக்கொண்டு வருவாள். ஒரு வீட்டில் அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "கார்டு எடுத்தா ஊரே பேசும் டீச்சர். மூத்தவளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டு இருக்கோம்."

நீ வாதாடவில்லை. கைப்பையிலிருந்து யாழினியின் மாற்றுத் திறனாளி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாய். "இது என் மக லா, அக்கா. லிஸ்ட்ல மொத பேரு இவளுதுதான்." அந்த அம்மா அட்டையிலிருந்த படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார்.

இரண்டாவது விண்ணப்பம் போகும்போது நீ மருத்துவமனையில் இருந்தாய். "பேரெல்லாம் சரியா இருக்கானு இன்னொரு தடவ பாரு" என்றாய். உன் கருமக்கிரியை முடிந்த மறுவாரம், மானியம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று உன் படத்தின் முன்னால் நின்று அழுதேன்.

இன்று முதல் வகுப்பு. நானும் ஒரு மாணவி. யாழினியை உன் கணவர் கொண்டுவந்து விட்டார். என்னைவிட உயரமாகிவிட்டாள். மெஷினுக்குள் அட்டை தள்ளும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றி, பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றார் பயிற்சியாளர். நான் எழுதினேன்: 'பெயர் யாழினி. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பென்சில்களை வரிசையாக அடுக்குவாள். கலைத்தால் அழுவாள். சூடான அட்டை மிகவும் பிடிக்கும்.' இந்த ஐந்து வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஏறிய பெயர் இறங்காமலே இருக்கட்டும்.

கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, யாழினி எழுந்து வந்து ஓர் அட்டையை என் கன்னத்தில் வைத்தாள். அந்தச் சூட்டோடுதான் இதை உனக்கு எழுதுகிறேன்.