கோட்டு அவருடையது, தொழில் என்னுடையதாம்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். லேபில் வேலை கிடைத்திருக்கிறது என்று அன்றைக்குப் போனில் சொன்னதும், "யோசிக்காதே, கையெழுத்துப் போட்டுடு" என்றீர்கள். அதோடு லைன் போய்விட்டது. பிறகு நடந்ததை எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

பல்செட் செய்யும் அந்த லேபில் முதலாளி என்னை ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கச் சொன்னார். கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து தன் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்னோடதைவிட நல்லா இருக்கும்மா" என்றார். நான்கு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் படித்தேன். நான் அவரிடம் வேலைக்குச் சேரவில்லையாம். சொந்தத் தொழில் செய்கிறேனாம். அவர் என் வாடிக்கையாளராம்! வாசித்துக் காட்டியதும் அத்தை, "ஆறு மாசம் சும்மா இருந்தவ ஒரே நாள்ல முதலாளி ஆயிட்டியே" என்று சிரித்தார். அப்புறம், "என்னமோ எழுதியிருக்கட்டும், வேலைதானே முக்கியம்" என்றார்.

எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் மறுநாள் போனபோது, அங்கே மெழுகு உருக்கும் அக்காவின் புறங்கையில் புதுத் தழும்பைப் பார்த்தேன். வேலையில் சுட்டுக்கொண்டதாம். மூன்று வாரம் வீட்டில் கிடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "உன் தொழில்ல உனக்குப் பட்ட காயம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

நேராக முதலாளியிடம் போனேன். சொந்தத் தொழில் என்றால் பத்து மணிக்கு வரலாமா என்று கேட்டேன். எட்டுக்கே இருக்க வேண்டுமாம். வேறு லேபுக்கும் செய்து தரலாமா? கூடாதாம். முடியாத நாளில் எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாமா? அதெல்லாம் நடக்காதாம். கோட்டு, மிஷின், மேஜை எல்லாம் அவருடையது. "அப்ப நான் எதுக்குத்தான் சார் முதலாளி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "இஷ்டம்னா வா, இல்லேன்னா விடு" என்றார். என்னை ஊழியராக எடுத்துக்கொண்டால் வருகிறேன் என்று காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்து நாள் லேபிலிருந்து சத்தமே இல்லை. வீட்டில் அத்தை பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. ஆறாம் நாள் முதலாளியே கூப்பிட்டார். நான் செதுக்கியதைப் பார்த்த பல் டாக்டர் ஒருவர், இந்தக் கைதான் வேண்டும் என்றாராம். ஊழியராகவே எடுக்கிறேன், ஆனால் கைக்கு வருவது கொஞ்சம் குறையும் என்றார். புதுக் காகிதத்தை வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. மெழுகு அக்காவும் தனக்கு இப்படியே வேண்டும் என்று கேட்கப் போகிறார். துணைக்கு நானும் போகிறேன்.

இவளுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பிடிவாதம் என்று நினைப்பீர்கள். முதல் காகிதம் வந்த வாரம்தான் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். புதுக் காகிதத்தில் நீண்ட விடுப்பு பற்றிய பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அத்தையிடம் இன்று காலைதான் சொன்னேன். கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடமாட்டேன் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். டாக்டரம்மா மே மாதம் என்று தேதி சொல்லியிருக்கிறார். மே பிறப்பதற்குள் வீட்டில் இருங்கள். ஒரு வாரம் முன்னால் வந்தாலும் சரி, ஒரு நாள்கூடப் பிந்த வேண்டாம்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் பல்லுக்காரி