ஏழாம் சோடி நரம்பு

டீச்சர்,

நேற்றுப் பின்னேரம் மகள் சைக்கிளில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தாள். மருந்து வைத்துக் கட்டக் காகிதப் பிளாஸ்டர் சுருளைப் பிரித்தேன். அந்தப் பசையின் வாசம் மூக்கில் ஏறியதும் முழங்கால் மறந்துபோய்விட்டது. உங்கள் இடது கண் முன்னால் வந்து நின்றது. மூன்று மாதமாக மூட ஏலாமல் போன அந்தக் கண்ணை இதே மாதிரிப் பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டுதானே படுத்தீர்கள். மகள் "உம்மா, ரெத்தம் வருது" என்று சொல்லித்தான் என்னைத் திருப்பி எடுத்தாள்.

நிந்தவூரில் ஒரே பெண்கள் பாடசாலையில் நாம் இருவரும் இருபத்தேழு வருடம் உயிரியல் படிப்பித்தோம். நீங்கள் என்னை "டீச்சர்" என்பீர்கள், நானும் உங்களை "டீச்சர்" என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. பாடங்களைப் பங்குபோடும்போது தாவரம் எனக்கு, நரம்புத் தொகுதி உங்களுக்கு. மூளை, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண், பன்னிரண்டு சோடி மண்டையோட்டு நரம்புகள், முப்பத்தொரு சோடி முண்ணாண் நரம்புகள் என்று படத்தைப் பாராமலே கரும்பலகையில் கீறுவீர்கள்.

பதினெட்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்து முகம் கழுவும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் இடது பக்கக் கடைவாயால் தானாக ஒழுகியதாம். பல்லில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தால் முகம் வலது பக்கம் இழுபட்டு நின்றிருக்கிறது. உங்கள் கணவர் மூளையில் அடைத்துப் பாரிசவாதம் வந்துவிட்டது என்று பயந்து, அந்த நிமிடமே ஆட்டோ பிடித்துக் கல்முனைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு இளம் டொக்டர் கை கால்களை எல்லாம் அசைக்கச் சொல்லிவிட்டு, கடைசியாகப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். உங்கள் வலது நெற்றியில் மட்டும் கோடு விழுந்தது. இடது நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது.

"நெற்றிக்கு மூளையின்ட ரெண்டு பக்கத்தாலயும் கட்டளை வரும். மூளையில அடைப்பு வந்தா அனேகமா நெற்றி தப்பிக்கும். உங்களுக்கு நெற்றியும் சேர்ந்து போயிருக்கு. இது மூளையில வந்ததில்ல, முகத்து நரம்பு வீங்கினது" என்று அவர் சொன்னதை நீங்கள் எனக்குச் சொன்னபோது, உங்கள் குரலில் நிம்மதியைவிட வெட்கம்தான் கூட இருந்தது.

மூன்றாம் நாள் நான் வந்தேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தீர்கள். காலையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் யாரோ பொறாமைப்பட்டுக் கண்ணூறு பட்டது என்றாராம், இன்னொருவர் ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே படுத்ததுதான் காரணம் என்றாராம். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள்தான் முதலில் கதைத்தீர்கள்.

"பதினெட்டு வருஷம் படிப்பிச்சன் டீச்சர். ஏழாம் சோடி, முகத்து நரம்பு எண்டு பேர் சொல்லுவன், புள்ளைகள் எழுதுவாங்க. அது எதால வந்து எதால போகுதெண்டு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றேன்.

அடுத்த நாள், மருத்துவம் படிக்கும் என் தம்பியின் தடித்த உடற்கூற்றுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கட்டிலிலேயே விரித்து வைத்து, இரண்டு பேரும் தலையைக் குனிந்து அந்த நரம்பின் பின்னால் போனோம். மூளைத் தண்டிலிருந்து புறப்படுகிறது. காதின் பின்பக்க எலும்புக்குள் ஒடுங்கிய ஒரு குழாய் வழியாக வருகிறது. வீங்கினால் விலக இடமில்லை, அதுதான் நசிபடுகிறது. முகத்துக்கு வருமுன்னே காதுக்குள் ஒரு கிளை, நாக்குக்கு ஒரு கிளை. அதன்பின் முகத்தில் ஐந்து விரல் விரித்த மாதிரிப் பிரிகிறது.

காதுக் கிளையைப் படித்ததும் நிமிர்ந்தீர்கள். "அல்லாஹ்வே, அதான் பள்ளியில பாங்கு சொல்லக்குள்ள இடது காதில அடிச்ச மாதிரிக் கேட்கிற." பெரிய சத்தம் வந்தால் அதை அடக்கும் ஒரு சின்னத் தசை காதுக்குள் இருக்கிறது. அதுவும் உங்களுக்குப் படுத்துவிட்டது. பிறகு சீனிப் போத்தலை எடுத்துவரச் சொன்னீர்கள். நாக்கின் முன்பக்கத்தில் இடப்புறமாகக் கொஞ்சம் வைத்தேன்.

"ஒண்டுமில்ல. மண்ணைத் திண்ட மாதிரி."

வலப்புறம் வைத்தேன்.

"இஞ்ச இனிப்பு."

நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். உங்கள் சிரிப்பு ஒரு பக்கத்தில் மட்டும் நடந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உங்கள் கணவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து வாசலில் நின்றார். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்பது அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆனாலும் பாடசாலைக்கு வர மறுத்தீர்கள். ஓய்வு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். "ஒரு பார்வை பார்த்தா வகுப்பு அடங்கும். ஒரு சிரிப்புச் சிரிச்சா பயந்த புள்ள எழும்பிப் பதில் சொல்லும். முகம் இல்லாம எப்படி டீச்சர் படிப்பிக்கிற?"

உங்கள் வகுப்பைப் பாடசாலை அதிபர் என்னிடம் தந்தார். சோதனைக்கு அதிக நாள் இல்லை. நரம்புத் தொகுதி அப்படியே கிடந்தது. நான் தொடங்கிய முதல் நாளே கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்கட டீச்சர்ட முகம் ஏன் அப்பிடி ஆன?" என்று கேட்டாள். சீனி வைத்துப் பார்த்த கதைவரை எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்கள். கண் ஏன் மூடவில்லை, கன்னத்தைத் தொட்டால் தெரியுமா, நோகுமா. பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் வந்து உங்களிடம் ஒப்புவித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "ஆர் கேட்ட? கடைசி வாங்குப் புள்ளையா? அவள் ஒரு நாளும் வாய் திறக்கமாட்டாளே" என்றீர்கள். பிறகு புத்தகத்தை உங்கள் பக்கம் இழுத்து, அந்த நரம்பின் படத்தை மறுபடியும் விரித்தீர்கள்.

நோய் வந்த மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, இரண்டாம் பாடவேளை. கறுப்புக் கண்ணாடி போட்டு முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வெண்கட்டியை உங்கள் கையில் தந்துவிட்டுப் பின்வாங்கில் போய் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். முந்தானையை இறக்கினீர்கள்.

"எல்லாரும் புருவத்தைத் தூக்குங்க" என்றீர்கள். முப்பத்தாறு சோடிப் புருவங்கள் மேலே போயின. "இப்ப என்னைப் பாருங்க." ஒன்றுதான் எழும்பியது. முன்வரிசையில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். நான் வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டேன்.

"பொத்தாத, சிரி. சிரிக்கக்குள்ள கன்னத்தில கை வைச்சுப் பாரு, எந்தத் தசை இழுபடுதெண்டு தெரியும்" என்றீர்கள்.

வகுப்பே கன்னத்தில் கைவைத்துச் சிரித்துப் பார்த்தது. அதன்பின் கடைசி வாங்குப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, பஞ்சால் உங்கள் இடது கன்னத்தைத் தொடச் சொன்னீர்கள், நீங்கள் இரண்டு கண்ணையும் கையால் மூடிக்கொண்டு. தொட்ட ஒவ்வொரு தடவையும் "ஓம்" என்றீர்கள். "தொடுறது தெரியுது, அசைக்கத்தான் ஏலாது. ஏனெண்டால் தொடுற செய்தி மூளைக்குப் போறது ஐந்தாம் சோடியால. அசை எண்டு மூளை சொல்லுறது வாறது ஏழாம் சோடியால. போற பாதை வேற, வாற பாதை வேற. புலன் நரம்பும் இயக்க நரம்பும் இதான்."

"நசிஞ்ச நரம்பு திரும்ப வளருமா டீச்சர்?" என்று அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்.

"மூளையிலயும் முண்ணாணிலயும் எண்டால் கஷ்டம். வெளியில உள்ளது வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் போல. அதால நான் அவசரப்படல்ல."

ஓய்வுக் கடிதம் பற்றி அதற்குப் பிறகு நீங்களும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு இடைவேளையில் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "டீச்சர், மூக்கைப் பாருங்க" என்றீர்கள். இடது மூக்கின் ஓரம் இலேசாகத் துடித்தது. பிறகு கன்னம், பிறகு வாய், கடைசியாகப் புருவம். ஆனால் வளர்ந்த நரம்புகளில் சில விலாசம் மாறிப் போய்விட்டன. வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போனதால், சிரித்தால் இடது கண் சுருங்கி மூடும். கல்வி வலயத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி நீங்கள் கண்ணடிப்பதாக நினைத்துத் திகைத்துப் போனார். "சேர், அது நரம்பு வழிமாறிப் போன. நான் ஒண்டும் செய்யல்ல" என்று நீங்கள் சொல்ல, ஆசிரியர் அறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஒருவராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தச் சிரிப்போடு இன்னும் ஒன்பது வருடம் படிப்பித்தீர்கள். பிறகு வந்த நோய் வேறு, அது அதிக நாள் எடுக்கவில்லை. அடக்கம் செய்யுமுன் உங்களைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. முகத்தில் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது, எந்த இழுவையும் இல்லாமல். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பழக்கமான முகம் அதுவல்ல. அன்று அழுததெல்லாம் அந்த வழிமாறிப் போன கண்ணுக்காகத்தான் டீச்சர். அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.

இப்போது நரம்புத் தொகுதியும் என் பங்கில்தான். முன்பெல்லாம் பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே எதையாவது கேட்டால், "சோதனைக்கு வராது, இரு" என்று இருத்திவிடுவேன். அது என்னை விட்டுப் போய் நீண்ட காலம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்படிச் சொன்னால் வகுப்பு கலைந்துபோவதில்லை, கிட்ட வருகிறது.

இன்று காலை ஒருத்தி கேட்டாள்: "நாம தூங்கக்குள்ள நரம்புகளும் தூங்குமா டீச்சர்?"

"முழுசாத் தெரியாது மகள். பார்த்துட்டு நாளைக்குச் சொல்றன். நீயும் பாரு."

பின்னேர அஸர் தொழுதுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தம்பியிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத புத்தகம் பக்கத்தில் இருக்கிறது. இதை முடித்ததும் அதை விரிக்க வேண்டும்.