மூழ்கியவர் அல்ல, மீன் பார்த்தவர்

அனுப்புநர்:
மருத்துவமனை ஆவணப் பிரிவு மேற்பார்வையாளர் (விடுமுறையில்),
அறை எண் 14, கடற்கரை விடுதி.

பெறுநர்:
கடற்கரைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
படகுத்துறை அலுவலகம்.

பொருள்: மீட்புப் பதிவேட்டில் என்னைப் பற்றிய பதிவைத் திருத்தவும், வழிகாட்டிப் பெண்ணின் அனுமதி அட்டையைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நேற்று திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, “நீச்சல் தெரியாத பெண், வயது 46, நீரில் மூழ்கி உணர்வற்ற நிலையில் மீட்கப்பட்டார், பேச இயலவில்லை” எனத் தங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெண் நான்தான். வயது சரி. நீச்சல் தெரியாது என்பதும் சரி. மற்றவை நடக்கவில்லை.

2. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிப்பவள். ஏட்டில் ஏறியதுதான் பிற்பாடு நடந்ததாக நிற்கும் என்பதை என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆகவேதான் விடுமுறையில் பேனாவைத் தொடுவதில்லை என்று வீட்டாரிடம் சொல்லி வந்தவள் இந்த மனுவை எழுதுகிறேன்.

3. இக்கரையில் எல்லோரும் ‘மூச்சு டீச்சர்’ என்று அழைக்கும் வழிகாட்டிப் பெண், நீச்சல் தெரியாதவர்களுக்கு ஸ்நார்க்கலிங், அதாவது கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து குப்புற மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது, கற்றுத் தருபவர். என்னை அவர் நேரே கடலுக்குள் அழைத்துச் செல்லவில்லை. சனிக்கிழமை முழுவதும் கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளி நீரில்தான் முகத்தை வைத்திருந்தேன். கண்ணாடி மூக்கை மூடிக்கொள்ளும். வாயில் கவ்விய குழாய் வழியாக மட்டுமே மூச்சு. முதல் தடவை மூன்றே நொடியில் தலையைத் தூக்கிவிட்டேன். “இது வாளிதான் அக்கா, கடல் இல்ல. படவேண்டிய பயத்தையெல்லாம் இதுலயே பட்டு முடிச்சிடுங்க” என்றார். பட்டு முடிக்க மாலையாகிவிட்டது. ஞாயிறன்று முழங்கால் ஆழம், பிறகு இடுப்பளவு. மூன்றாம் நாள்தான் பாறைப் பக்கம் போனோம். லைஃப் ஜாக்கெட் என் உடலில் இருந்தது. நான் பிடித்திருந்த மிதவை வளையத்தின் மறுபக்கத்தில் அவர் கை இருந்தது. அவர் என் விரல்களை இரண்டு முறை அழுத்துவார். நலமாக இருந்தால் நானும் இரண்டு முறை அழுத்த வேண்டும். ஒரு தடவைகூட நான் பதில் தராமல் இருக்கவில்லை.

4. நான் அசையவில்லை என்பதே என்மீதுள்ள சந்தேகம். அசையாமல் இருப்பதுதான் எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். “நீச்சல் தெரிஞ்சவங்க காலை உதைச்சு மீனையெல்லாம் விரட்டிடுவாங்க. உங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லையே!” என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்படியே கிடந்தேன். பச்சையும் நீலமுமான ஒரு பெரிய மீன் பாறையைச் சுரண்டித் தின்றது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. விரல் நீளமுள்ள இன்னொன்று என் கண்ணாடிக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தது. உணர்வற்ற நிலை என்று தங்கள் ஏடு குறிப்பிடும் நேரம் அதுவே. என் நினைவில் அவ்வளவு உணர்வோடு நான் இருந்த நேரங்கள் குறைவு.

5. கரையிலிருந்த என் கணவருக்கு விரல் அழுத்தம் தெரிய வழியில்லை. தெரிந்ததெல்லாம் குப்புறக் கிடந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட். “அசையலைங்க, என் பொண்டாட்டி அசையவே இல்லைங்க!” என்று அவர் ஓடியதில் குற்றமில்லை. தங்கள் படகு விரைந்து வந்ததும் பாராட்டத்தக்கதே. ஆனால் கழுத்துப்பட்டையைப் பிடித்து என்னைத் தூக்கியபோது கண்ணாடி கழன்றது. அன்று நான் குடித்த ஒரே வாய் உப்புத் தண்ணீர் அப்போது குடித்ததே. பேச இயலாததற்குக் காரணம் வாயில் குழாய் இருந்ததே.

6. பிழை ஒன்று உண்டு, அது என்னுடையது. பத்து நிமிடத்தில் வருவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் இருந்தேன். திரும்பலாம் என்று டீச்சர் இருமுறை சைகை காட்டியும் தலையை ஆட்டி மறுத்தவள் நான். அதற்காக அவருடைய அனுமதி அட்டையைப் பறித்ததும், “நீச்சல் தெரியாதவர்களுக்கு அனுமதி இல்லை” என்று பலகையில் எழுதியதும் முறையாகுமா என்று தாங்கள் யோசிக்க வேண்டுகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையை நோக்கி வழிகாட்டி கையை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் போதும். கணவன்மார் ஓட வேண்டியதில்லை.

7. ஐயா, இதுவரை நாங்கள் போன கடற்கரைகளிலெல்லாம் எல்லோருடைய செருப்பும் துண்டும் கைபேசியும் என் மடியில்தான் இருக்கும். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நீச்சல் தெரியாதவள் வேறென்ன செய்வாள் என்று நானே உட்கார்ந்துகொண்டேன். இம்மனு டீச்சருக்காகவா எனக்காகவா என்று நேற்றிரவு யோசித்தேன். இருவருக்கும்தான். நாற்பத்தாறு வயதில் ஒரு காரியத்தைத் துணிந்து செய்திருக்கிறேன். அது விபத்து என்ற பெயரில் ஏட்டில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. “பொணம் மாதிரி சூப்பரா மிதந்தம்மா!” என்றாள், நன்றாக நீந்தத் தெரிந்த என் மகள். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும். டீச்சருக்குத் தங்கள் கையொப்பம் வேண்டும்.

8. ஆகவே, பழைய பதிவை அடித்து, “பாறையருகே வழிகாட்டியின் துணையுடன் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்; நலம்” என்று எழுதவும், அனுமதி அட்டையை இன்றே திருப்பித் தரவும், பலகையில் எழுதியதை அழிக்கவும் பணிவுடன் கோருகிறேன். வியாழன் காலை ஊர் திரும்புகிறோம். எங்களுக்கு நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நான் கொட்டகை வாசலில் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)
நீச்சல் தெரியாத மனுதாரர்

நாள்: செவ்வாய்க்கிழமை, 14ஆம் தேதி
இடம்: கடற்கரை விடுதி

சாட்சி: மேற்கண்டவை உண்மை. கூச்சல் போட்டவன் நானே. நாளை செருப்பு, துண்டு, கைபேசிகளுக்கு நான் பொறுப்பு.
(கையொப்பம்) மனுதாரரின் கணவர்