நான்காம் எண்ணுக்கு முப்பத்தொன்று

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று உன் மனைவி சொன்னாள்; நீ சொல்லி நான் கேட்டு நாளாகிறது. ஒரே கட்டடத்தில் மாடியில் நீ இசைத் துறைத்தலைவர், கீழே நான் தற்காலிக வயலின் ஆசிரியை. பதினான்கு வருஷமாகத் தற்காலிகம். இத்தனை உறுதியான தற்காலிகத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

நிரந்தர இடம் ஒன்று வந்திருப்பதாக அறிவிப்புப் பலகை சொல்கிறது. விண்ணப்பித்திருக்கிறேன். என்னிடம் ஆறு வருஷம் படித்த ஒட்டடைக்குச்சியும் விண்ணப்பித்திருக்கிறாள். அவள் உயரத்துக்கு வகுப்பு வைத்த பெயர் அது. தேர்வுக் குழுவுக்கு நீதான் தலைவராமே? சிபாரிசு கேட்டு எழுதவில்லை. காதைத் திறந்து வைத்துக்கொள், அது போதும்.

உன் அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சிபாரிசு என்ற பேச்சுக்கே இனி இங்கே இடமில்லை. திரை போடுகிறோம்! நாடகத் துறையிடம் இரவல் வாங்கினேன். அதில் ஒரு காடும் ஒரு மானும் வரைந்திருக்கிறது, ஆனாலும் நல்ல கனமான திரை. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று கம்பளமும் விரிக்கிறோம். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மானுக்குப் பின்னால் யார் வாசிக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

முடிவு வரும்வரை நாம் பேசிக்கொள்ள வேண்டாம். நாலு பேர் பார்க்கிற இடம்.

தம்பி

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பலகையில் பார்த்திருப்பாய். இரண்டாம் எண்ணுக்கு வேலை. மனசு கேட்காமல் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

நான்காம் எண் நீதான் என்று முதல் சுரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. வில்லை வைப்பதற்கு முன்னால் மூக்கால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு இழுப்பாயே, சின்ன வயசில் அதைக் கேட்டுத்தானே பக்கத்து அறையில் என் தூக்கம் கலையும்! வாசித்து முடித்ததும் குழுச் செயலாளர், “சார், இதுக்கு மேல என்ன வேணும்? மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாமா?” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான் என்று நாளைக்கே பேசுவார்கள். நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டேன். ‘உணர்ச்சி போதாது’ என்று குறிப்பும் எழுதினேன். மற்ற நால்வரும் தொண்ணூறுக்கு மேல் போட்டும் மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது. இரண்டாம் எண், சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரி வாசித்தார். ஆனால் யாருக்கும் உறவில்லை.

இனி நம் குடும்பத்தை நோக்கி ஒரு விரல் நீளாது. உனக்குப் பெரிய மனசு, புரிந்துகொள்வாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

தம்பி

ஜூன் 23

தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு கை கழுவினேன், சோப்புப் போட்டு.

நான் அன்று வாசிக்கவே இல்லை. காலையிலேயே அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். நீ தலைவராக இருக்கும் தேர்வில் நான் வாசித்தால் உனக்குத்தானே கெட்ட பெயர் என்று தோன்றியது. அப்படியும் ஒரு புத்தி.

நான்காம் எண் ஒட்டடைக்குச்சி. அந்த மூச்சு என்னிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது. விட்டுத்தொலை என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

நேற்று மதிப்பெண் தாளோடு வந்திருந்தாள். “டீச்சர், உணர்ச்சி எந்த இடத்துல போதலைன்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கறேன்” என்றாள். வயலினையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். முழுவதும் வாசித்துக் காட்டினாள். எந்த இடத்தைக் காட்டுவேன்?

நானே வாசித்து, எனக்கே நீ முப்பத்தொன்று போட்டிருந்தால், வாயை மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருப்பேன். அதை நினைக்கும்போது உன்மேல் வருவதைவிட என்மேல்தான் அதிக அருவருப்பு வருகிறது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

அக்கா

ஜூன் 24

அக்கா,

அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. உன் காலில் விழுகிறேன். நீ என்று நினைத்துத்தானே செய்தேன், அந்தப் பெண்ணுக்கு நான் என்ன கெடுதல் நினைத்தேன்? மேல்முறையீடு, விசாரணை என்று போனால் என் பதவி என்ன ஆகும், யோசித்தாயா? அவளுக்கு அடுத்த வருஷம் ஏதாவது தற்காலிக இடம் பார்த்துத் தருகிறேன். என் வாக்கு.

உன் தம்பி

ஜூன் 25

இசைத் துறைத்தலைவர் அவர்களுக்கு,

தங்கள் 21ஆம் தேதிக் கடிதத்தை இன்று காலை மேல்முறையீட்டுக் குழுவிடம் ஒப்படைத்தேன். ரசீதின் நகல் இத்துடன் உள்ளது. ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்ற வரியைக் காட்டி, எழுதியவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். ஒரே துறை என்றேன்.

இப்படிக்கு,
தற்காலிக வயலின் ஆசிரியை