நெல் மேல் வழுக்கிய பேருந்து

விழுப்புரம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் குறையின்றி இருக்கிறோம்; பின்லாந்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் நிறுவனத்துப் பேருந்து காணைச் சாலையில் இருபத்துநான்கு மீட்டர் சறுக்கி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைத் தொட்டு நின்றதைச் சொன்னேன் அல்லவா. யாருக்கும் அடியில்லை. ஆனால் அங்கே ஐம்பது கிலோமீட்டர்தான் அனுமதி. பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் நான்தான் தடத்தை அளந்து, உராய்வு எண் 0.7 எனக் கொண்டு, வேகம் அறுபத்தைந்து என்று அறிக்கை கொடுத்தேன். அதன்பேரில் ஓட்டுநர் முத்துசாமியைப் பணிநீக்கம் செய்ய நாளை விசாரணை. "வேகமா வரல சார், பிரேக்கு மேலயே நின்னேன், வண்டி வழுக்கிக்கினே போச்சு" என்றார் அவர். எல்லா ஓட்டுநரும் சொல்வதுதானே என்று ஒதுக்கிவிட்டேன். நீதான் தொலைபேசியில் கேட்டாய், "அந்த 0.7 புத்தகத்துலருந்து எடுத்தீங்களா, ரோட்லருந்து எடுத்தீங்களாப்பா?" என்று. தடம் ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எனக்கு எழுந்தது.

நேற்று நாலு கிலோ டயர் துண்டு ஒன்றும் கொக்கித் தராசும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்தது. விபத்தன்று நான் வந்தபோது இது இல்லையே என்று கேட்டதற்கு, நெல்லுக்குரிய அம்சவள்ளி அம்மாள் சற்றுத் தயங்கி, "ரோட்ல காய வெச்சதுக்குக் கேஸு போடுவாங்கன்னு, நீங்க வர்றதுக்குள்ள கூட்டி அள்ளிட்டேன் சார். பஸ்ஸு நெல்லு மேலதான் வழுக்கிகினு வந்துச்சு" என்றார். எழுதித் தரவும் சம்மதித்தார். அள்ளும்போது நெல் கையைச் சுட்டதாம். அது வெயிலா, உராய்வின் வெப்பமா? பேருந்தின் இயக்க ஆற்றல் எங்காவது போயிருக்க வேண்டுமே.

வெறும் தாரில் துண்டை இழுக்கத் தராசு 2.8 கிலோ காட்டியது; நாலு கிலோவால் வகுத்தால் புத்தகத்தின் அதே 0.7. நெல் மேல் பத்து முறை இழுத்ததில் 1.4 முதல் 1.6 வரை. வழியில் போன ஒருவர், "இன்னா சார், டயரை நாய் மாதிரி கட்டி இழுத்துகினு போறீங்க, கடிக்குமா?" என்று கேட்டார். ஆக உராய்வு எண் 0.35 முதல் 0.4, வேகம் நாற்பத்தாறு முதல் நாற்பத்தொன்பதரை. அனுமதிக்குள்தான், ஆனால் மேல் எல்லையில் மணிக்கு அரைக் கிலோமீட்டர்தான் மிச்சம். எடை இருபுறமும் அடிபட்டுப் போவதால் என் டயர் துண்டும் ஐம்பது பேர் ஏறிய பேருந்தும் ஒன்றே என்கிறது சூத்திரம். தேர்வில் யோசிக்காமல் எழுதியதை, ஒரு மனிதரின் வேலை அதன் மேல் நிற்கும்போது நம்பத் தயங்குகிறேன். என் துண்டின் கீழ் நெல்மணிகள் உருண்டன. பேருந்தின் பாரத்தில் நசுங்கியிருக்காதா? நசுங்கினால் எண் மாறுமா?

இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். விசாரணை பதினொரு மணிக்கு, உனக்கு அப்போது காலை ஏழரை. அதற்குள் பார்த்துச் சொல். நீ என்ன சொன்னாலும் முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் இது முதல் தடவை. முத்துசாமி வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. "இதை மொதல்லயே பாத்திருக்கலாமே சார்" என்றார்.

நலமும் தெளிந்த புத்தியும் உன்னோடு என்றும் இருக்கட்டும். காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

உன் அப்பா,
ஆனந்தராஜ்