வக்ஃபை முறிக்கக் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, தம்பி. நலமாக இரு.

நீ அனுப்பிய காகிதம் வந்தது. அப்பா வக்ஃபாக எழுதி வைத்த ஃபெஸ் நகரத்து வீட்டை யாராலும் விற்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். உரிமையுள்ள எல்லோரும் ஒப்புக்கொண்டால் முறிக்கலாமாம். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். ஹோட்டல்காரன் காத்திருக்கிறானாம்.

வீடு ஆண்பிள்ளைகளுக்கு, ஆனால் இந்த வம்சத்துப் பெண் எவளாவது விதவையாகியோ தலாக்காகியோ திரும்பி வந்தால் மாடி அறை அவளுக்கு. பத்திரத்தில் எனக்குத் தெரிந்த வரி இது ஒன்றுதான். இதை நம்பித்தான் இத்தா காத்திருப்பு நாட்கள் முடிந்த மறுநாள் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றேன். "மாடியில ஆலிவ் ஜாடி அடுக்கியிருக்கேன், எடமில்லக்கா" என்றாய். பதினாலு ஜாடி. நானேதான் இறக்கினேன்.

அந்த வன்மத்தில்தான் கையெழுத்துப் போடவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறாயாமே. வன்மம் இருக்கிறதுதான். ஆனால் எனக்கு இனி அந்த அறை வேண்டாம். மகன் வீட்டில் இருக்கிறேன். போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட உன் மகள் ஜுஹூர் புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றிச் சால்வை. குனிந்தபோது அது விலகியது. "அத்தைக்கு இன்னும் கண்ணு நல்லாத் தெரியுதே" என்று சிரித்தாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிராதீங்க. வீடு விக்கிற சந்தோஷத்துல இருக்காரு. மாடி ரூம் இன்னும் நமக்குத்தான?" என்றாள்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் உன்னிடம் எதையும் சொல்லவில்லை. நீயே போய் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு வா. அதற்குப் பிறகும் கேட்டாயானால் போட்டுத் தருகிறேன்.

உன் அக்கா