சிப் அறையில் பவுடர் பூசிய முகம்

குழந்தைகளின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமா? உன் முட்டிவலி குறைந்ததா? இங்கே என் மானம்தான் கப்பலேறிவிட்டது.

நான் வேலை பார்க்கும் அறையில் சிலிக்கான் தட்டின்மேல் துளி தூசி விழுந்தாலும் அதில் செய்கிற சிப் வீண். செவ்வாய்க்கிழமை தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனேன். தூசி எண்ணும் மிஷின் வீலென்று அலறியது.

சூப்பர்வைசர் ஓடிவந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா, மூஞ்சில பவுடரா? பொண்ணு பாக்கவா கிளம்பியிருக்கே?"

"பழக்கம் சார். குளிச்சா கை தானா டப்பாவுக்குப் போயிடுது."

"ஒரு பெட்டித் தட்டே போச்சு! இன்னொரு தடவை நடந்தா ஊருக்குப் போற லீவு கட்."

இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த லீவு! எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதே. அந்தச் சிலிக்கானையே மணலிலிருந்துதான் எடுக்கிறார்களாம். மண்ணில் பிறந்த மகாராணிக்குத் தூசி ஆகாதாம்! மூன்று தடவை முகம் கழுவ வைத்தார்கள், மீசைக்கு மட்டும் ஐந்து தடவை. முதல் தப்பு என்பதால் லீவு பிழைத்தது, கவலைப்படாதே.

அடுத்த பார்சலில் பவுடர் வைக்காதே. இரண்டு கைக்குட்டை போதும். புதிது வேண்டாம், வீட்டில் இருப்பதையே துவைத்து அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அன்று வேலைக்குக் கிளம்புமுன் உன்னோடு வீடியோவில் பேசினேன் அல்லவா? கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பது உனக்குத் தெரியக் கூடாதென்றுதான் அப்பிக்கொண்டேன். சூப்பர்வைசரிடம் இதை மட்டும் சொல்லவில்லை.